கிள்ளைப் பக்கம் படகு ஓடாத ஒரு சனிக்கிழமை

இந்தப் பயணத்துக்குக் கிளம்பியதே அலுப்பில்தான். டிசம்பர் முழுக்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. எங்கள் மருந்துக்கடையில் ஸ்டாக் எடுக்கும் வேலை வேறு. ஜனவரி கடைசியில் என் தங்கை வந்து கடையில் உட்கார ஒப்புக்கொண்டாள். "ரெண்டு நாளைக்கு எங்கயாச்சும் போய்ட்டு வா, உம் மூஞ்சியப் பாக்க முடியல" என்று அவள் சொன்னதும் பையை எடுத்துவிட்டேன்.

நாமக்கல்லில் இருந்துகொண்டு இரண்டு நாளில் கடலைப் பார்த்துத் திரும்ப வேண்டும் என்றால் கடலூர்தான் சௌகரியம். சேலத்திலிருந்து நேர் பஸ் இருக்கிறது. ஆனால் நான் போனது கடலூருக்காக மட்டும் இல்லை. சிதம்பரத்தைத் தாண்டி, கிள்ளைப் பக்கம் ஒரு மீனவர் ஊரில் ஆறு பெண்கள் சேர்ந்து சொந்தமாகச் சுற்றுலா நடத்துகிறார்கள் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். காலையில் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகு, மதியம் அவர்கள் வீட்டுச் சாப்பாடு, ஆளுக்கு எண்ணூற்றைம்பது ரூபாய்.

எனக்கு "கலாச்சாரச் சுற்றுலா" என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் கொட்டாவி வருகிறது. பன்னிரண்டு வருஷமாக ஊர் சுற்றி எழுதுகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் தலையில் ஒரு முண்டாசைக் கட்டிவிட்டுப் போட்டோ எடுக்கிறார்கள், நாலு பேர் பறையடித்து ஆடுகிறார்கள், கடைசியில் ரசீது தருகிறார்கள். ஆடுகிறவர்களுக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். இந்தப் பெண்கள் தாங்களே நடத்துகிறார்கள் என்பதால்தான் போகத் தோன்றியது.

ஆறு பேருக்கும் முன்னால் நிற்பவள் பெயர் வளர்மதி. போனில் பேசியபோதே எனக்குப் பிடித்துவிட்டது. "சனிக்கெழம வாங்கக்கா. அன்னிக்கு மெட்ராஸ்லேர்ந்து ஒரு கம்பெனிக்காரங்களும் வராங்க. அவுங்களுக்குப் புடிச்சுப் போச்சுன்னா வாரா வாரம் ஆள் அனுப்புவாங்களாம்" என்றாள். அப்புறம் கேட்காமலே சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு கேரளாவுல மீன்புடி போட்டுக்குப் போறவருக்கா. வருசத்துல எட்டு மாசம் அங்கதான். இதுக்குன்னே வந்து ரெண்டு மாசமா துடுப்புப் போடுறாரு. இது ஓடுச்சுன்னா அவரு திரும்பிப் போக வேணாம்."

வெள்ளிக்கிழமை காலை சேலத்தில் ஏறி, ஐந்தரை மணி நேரம் கழித்துக் கடலூரில் இறங்கினேன். டிக்கெட் நூற்று அறுபத்தைந்து. வடலூர் வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு லாட்ஜில் தொள்ளாயிரத்துக்கு அறை கிடைத்தது. சுமார்தான், ஆனால் வெந்நீர் வந்தது. முட்டிவலிக்காரர்கள் கீழ்த்தள அறை கேட்டு வாங்குங்கள், லிஃப்ட் கிடையாது.

சாயந்திரம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். சில்வர் பீச் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். மிளகாய் பஜ்ஜியும் சோளக்கதிரும் குதிரைச் சவாரியும் கூட்டமுமாக இருந்தது. மணலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒன்றும் யோசிக்காமல் அலையைப் பார்த்தேன். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பக்கத்தில் பழைய கோட்டை ஒன்றின் மிச்சம் இருக்கிறது, போக விருப்பமுள்ளவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சிதம்பரம் பஸ். நாற்பத்தெட்டு கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். சிதம்பரத்தில் இறங்கி இரண்டு இட்லி சாப்பிட்டேன். அங்கிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரத்துக்கு டவுன் பஸ் போகிறது, பெண்களுக்குக் காசு கிடையாது. ஆனால் அன்றைக்கு ஒரு பஸ் போய்விட்டது, அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்டோக்காரர் ஐந்நூறு கேட்டு நானூறுக்கு இறங்கினார்.

ஊருக்குள் திரும்பும் இடத்திலேயே ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துவிட்டார். "யாரோ தவறிட்டாங்க போலம்மா" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"பாருங்க, ஒரு போட்டு கூட போவல. இந்த நேரத்துக்கு ஏலம் வுடுற எடத்துல காக்கா கூட நிக்க முடியாது. ஒருத்தரையும் காணோம்."

அவர் சொன்னது சரிதான். துறையில் படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. வலைகள் மேலே சுருட்டியபடி இருந்தன. தெருக்கோடியில் சாமியானா போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பெண் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக வந்தாள். நாற்பது வயது இருக்கும். போனில் கேட்ட அதே குரல்.

"அக்கா, மன்னிச்சிக்குங்க. விடிகாலையில ஒரு பெரியவரு போய்ட்டாரு. எடுக்குற வரைக்கும் ஊர்ல யாரும் தொழிலுக்குப் போவக் கூடாது. இதான் எங்க ஊர்க்கட்டு. உங்களுக்குப் போன் போட்டேன், போவல."

பஸ்ஸில் என் போன் அணைந்து கிடந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, எரிச்சல். பஸ்ஸில் நசுங்கி, முட்டி வீங்கி, இவ்வளவு தூரம் வந்து இப்படியா என்றிருந்தது. செத்தவர் யாரென்றே தெரியாத எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. என்ன பிறவியோ நான்.

"எப்ப எடுப்பாங்க?" என்றேன்.

"புள்ள கேரளாவுலேர்ந்து வரணும். எப்படியும் சாயங்காலம் நாலு ஆவும். அதுக்கப்புறம் வாய்க்கால்ல தண்ணி எறங்கிடும்க்கா. படகு தரை தட்டும்."

சாப்பாடும் கிடையாது. ஊரில் சாவு விழுந்தால் எடுக்கிற வரைக்கும் அந்தத் தெருவில் அடுப்பு மூட்டமாட்டார்கள். நேற்றே வாங்கிய இறாலும் நண்டும் ஐஸ் பெட்டியில் கிடந்தன. மசாலா அரைத்து வைத்திருந்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது எனக்கல்ல, அந்த ஆறு பெண்களுக்குத்தான் பொருந்தும்.

அவள் வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள். கணவர் சேகர் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். கறுத்து, உயரமாக, அதிகம் பேசாதவர். அவருடைய ஃபைபர் படகைத்தான் உட்காரப் பலகை அடித்து, லைஃப் ஜாக்கெட் வாங்கிப் போட்டு மாற்றியிருக்கிறார்கள். அந்தப் படகு ஊர்த் துறையில் இல்லை. தள்ளி, சேற்றுக்குள் ஒரு முளையில் கட்டிக் கிடந்தது.

"வர்றவங்க முட்டி அளவு சேத்துல எறங்கித்தான் ஏறணும்" என்றார் சேகர். "துறையில எடம் தர மாட்டேங்கறாங்க."

அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. மழைக்கு முன்னால் வளர்மதி ஊர்க் கூட்டத்தில் போய்த் துறையில் இடம் கேட்டிருக்கிறாள். பெண்கள் அங்கே எழுந்து பேசுவது வழக்கம் இல்லை. "துறை தொழிலுக்கு. நீங்க ஆளுங்கள ஜாலிக்குக் கூட்டிகினு போறீங்க" என்று ஆண்கள் சிரித்திருக்கிறார்கள். இவள் விடவில்லை. வலை போடுவதும் தொழில், துடுப்புப் போட்டு ஆளை ஏற்றிப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றுவதும் தொழில்தான் என்று வாதாடியிருக்கிறாள். ஊர்த் தலைவர்களை இங்கே நாட்டார் என்கிறார்கள். அவர்கள் இல்லை என்றும் சொல்லாமல் சரி என்றும் சொல்லாமல் பொங்கல் கழியட்டும் என்று தள்ளி வைத்தார்கள், பொங்கல் போயும் முடிவு சொல்லவில்லை.

"எங்க படகுக்கு 'பிக்னிக்கு'ன்னு பேரு வெச்சதே இப்ப செத்துப் போனாரே, அந்தப் பெரியவருதான்" என்றாள் வளர்மதி. சொல்லிவிட்டுச் சிரித்தாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்ல மனுசன்க்கா. வாய்தான் ஜாஸ்தி."

பத்து மணிக்குச் சென்னைக் கம்பெனியின் வேன் வந்தது. ஷாலினி என்று ஒரு பெண், முப்பது வயது. கூட நாலு விருந்தாளிகள். வில்லி யாரையாவது எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஷாலினி செருப்பைக் கழற்றிவிட்டுச் சாமியானா வரைக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். அதற்கப்புறம்தான் விசாரித்தாள். நாளைக்கு வரமுடியாது, நாளைக்கு வேறு ஊர் பார்க்கவேண்டும், அடுத்த வாரம் கம்பெனியின் வருஷ அட்டவணை முடிவாகிவிடும் என்றாள். அவள் மேலும் தப்பு சொல்ல முடியாது.

இந்த நேரத்தில்தான் நாட்டார் ஒருவர் எங்களிடம் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, அறுபது வயது. வேனைப் பார்த்தார், விருந்தாளிகளைப் பார்த்தார், கடைசியாக வளர்மதியைப் பார்த்தார்.

"மதி, இவுங்க இதுக்குன்னே மெட்ராஸ்லேர்ந்து வந்துருக்காங்களாமே. கூட்டிகினு போறதுனா போய்ட்டு வா. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போலிருந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

"நீ இன்னா வலையா வுடப்போற? சும்மா சுத்திக் காட்டிட்டு வரப்போற. அது தொழில்ல சேராது. கட்டு தொழிலுக்குத்தான்."

நாட்டார் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்களே என்றுதான் சொன்னார். ஆனாலும் அவர் நீட்டியது என்னவென்று வளர்மதிக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. எனக்குத்தான் கொஞ்ச நேரம் ஆனது. இன்றைக்குப் படகை எடுத்தால், இது தொழில் இல்லை என்று அவளே ஊர் முன்னால் ஒப்புக்கொண்ட மாதிரி.

சேகர் மெதுவாகச் சொன்னார்: "அவுங்களே சொல்லிட்டாங்க இல்ல மதி. ஒரு மணி நேரம். போய்ட்டு வந்துடலாம்."

இரண்டு மாதமாகத் துடுப்புப் போட்டவர் அவர். போகாவிட்டால் மறுபடி கேரளாவுக்கு வண்டி ஏற வேண்டியவரும் அவர்தான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"இன்னிக்குப் போய்ட்டு, நாளைக்கு எந்த வாயால தொற கேக்கறது மாமா?" என்றாள் வளர்மதி. அப்புறம் நாட்டாரைப் பார்த்து, "எங்களுதும் தொழில்தாங்க. எல்லாப் போட்டும் கட்டிக் கெடக்கு, எங்களுதும் கட்டிக் கெடக்கட்டும்" என்றாள். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்றால் நடக்காது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். கூழை வேண்டாம் என்று தள்ளுகிறவளைப் பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. நாட்டார் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு சாமியானாப் பக்கம் போனார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஷாலினியிடம் போய், "கலாச்சாரம் பாக்கத்தானே வந்தீங்க, இதுதாங்க கலாச்சாரம்" என்றேன், கொஞ்சம் சூடாகவே. அவள் கோபப்படவில்லை.

"எனக்குப் புரியுது மேடம். ஆனா பணம் கட்டி லீவு போட்டு வர்றவங்ககிட்ட, ஊர்ல யாராவது இறந்தா படகு இல்லன்னு முன்னாடியே போட முடியுமா? போட்டா யாரு வருவாங்க?"

நிலைத்து நிற்கிற சுற்றுலா, ஊரை அழிக்காத வளர்ச்சி என்று நானும் எத்தனையோ பதிவுகளில் எழுதியிருக்கிறேன். ஊர் ஊராகவே இருக்கவேண்டும், ஆனால் நாம் போகிற சனிக்கிழமையில் மட்டும் அதற்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதுதான் நம் எல்லாருடைய ஆசையும். நான் அன்று காலை எரிச்சல்பட்டதும் அதனால்தான்.

ஷாலினி விருந்தாளிகளைப் பிச்சாவரம் படகுத்துறைக்கு அழைத்துப் போனாள். அங்கே படகு எப்போதும் ஓடும். போகும்போது வளர்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு "கண்டிப்பா பேசறேன்க்கா" என்றாள். அந்தக் குரல் எனக்குப் பழக்கம். மருந்துக்கடையில் கடன் கேட்டு இல்லை என்றானதும் "அப்புறம் வரேன்" என்று போகிறவர்களின் குரல் அது.

என்னையும் வேனில் கூப்பிட்டார்கள். போகவில்லை. துக்க வீட்டில் பெண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யார் என்று யாரும் கேட்கவில்லை, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். வளர்மதி எனக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். பெரியவருக்காக அழுதாளா, படகுக்காக அழுதாளா, நான் கேட்கவில்லை. துக்க வீட்டில் அதற்கு ஒரு வசதி, யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

மதியம் டவுன் பஸ்ஸில் சிதம்பரம் வந்தபோது உடம்பில் ஒரு துளி தெம்பு இல்லை. கோயில் நடை சாத்தியிருந்தது. கீழவீதியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். கத்தரிக்காய் கொத்சு கேட்டேன், காலையிலேயே தீர்ந்துவிட்டதாம். நடை திறந்ததும் உள்ளே போய் நடராஜரைக் கும்பிட்டுவிட்டு, வெளிப் பிரகாரத்துக் கல் தரையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சேகர் மறுபடி கேரளாவுக்குப் போகக்கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் தோன்றவில்லை. ராத்திரி பஸ்ஸில் சேலம்.

இனி, போக நினைக்கிறவர்களுக்கு.

நவம்பரில் மழை வெளுத்து வாங்கும். ஜனவரி, பிப்ரவரிதான் நல்லது. மாசி மகத்தை ஒட்டிப் போனால் ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு வருவதையும் பார்க்கலாம், வழியில் முஸ்லிம்களும் சாமிக்கு மரியாதை செய்வார்கள். ஆனால் அந்த நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம், முன்னாலேயே சொல்லி வையுங்கள். சிதம்பரத்தில் தங்குவது கடலூரில் தங்குவதைவிடப் பக்கம், எனக்குத்தான் கடற்கரை ஆசை. சிதம்பரத்திலிருந்து ஆட்டோவுக்கு நானூறுக்கு மேல் கொடுக்காதீர்கள். காட்டுக்குள் போனால் கண்ட மரத்தை ஒடிக்காதீர்கள், தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வெயில் ஏறும் முன் படகு ஏறிவிடுங்கள். கோயில் மதியம் சாத்திவிடும், அதை வைத்து நேரத்தைத் திட்டமிடுங்கள்.

வளர்மதி நடத்துவதற்குப் போக விரும்பினால் எனக்கு எழுதுங்கள், நம்பர் தருகிறேன். ஊர்ப் பெயரை இங்கே போடவில்லை, படகு ஓடவில்லை என்று யாராவது ஒற்றை நட்சத்திரம் போட்டுவிடுவார்களோ என்ற பயம். ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள். அப்படி முடியாதவர்கள் பிச்சாவரத்துக்கே போய்விடுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.

இதை எழுதிவைத்துப் போடாமலே மூன்று வாரம் தள்ளிவிட்டேன். நேற்றுச் சாயந்திரம் கடையில் கூட்டமாக இருந்தபோது வளர்மதியின் போன் வந்தது. கம்பெனியிலிருந்து இந்த வருஷம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "அத வுடுங்கக்கா, ஒரு சேதி சொல்றேன்" என்றாள். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"ஊர்க் கூட்டத்துல எங்க போட்டுக்கும் வரி போட்டுட்டாங்கக்கா! தொறையில எடமும் குடுத்துட்டாங்க."

எனக்குப் புரியவில்லை. வரி போட்டதற்கா இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன். அவள்தான் விளக்கினாள். அந்த ஊரில் தொழில் செய்கிற ஒவ்வொரு ஆணும் கோயிலுக்கும் ஊர்ச் செலவுக்கும் வரி கட்ட வேண்டும். வரி கட்டுகிறவன்தான் ஊரில் ஓர் ஆள். பெண்கள் நடத்தும் படகுக்கு வரி போட்டது இதுவே முதல் தடவையாம். அன்றைக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்த அதே நாட்டார்தான் எழுந்து, சாவுக்குக் கட்டிக் கிடந்த படகு தொழில் படகு இல்லாமல் வேறென்ன என்று கேட்டாராம். மாத்திரை வாங்க நின்றவர்கள் என்னைப் பார்க்க, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சேகர் இருக்காரா? அவர்கிட்டயும் குடு, ஒரு வார்த்தை சொல்றேன்" என்றேன்.

"முந்தாநாள்தான் அவர சிதம்பரத்துல பஸ் ஏத்தி வுட்டேங்க்கா" என்றாள். "எங்க படகோட மொத வரிய அவருதான் கேரளாவுலேர்ந்து அனுப்பணும்."